முக்காலே மூணு வீசம்

"கலியாண வேலை எந்த மட்டில் இருக்கிறது?" என்று கேட்டால், "முக்காலே மூணு வீசம் முடிந்த மாதிரிதான்" என்று பதில் வருகிறது. வீடு கட்டுகிறவரும் அப்படியே சொல்கிறார்; பாடம் படிக்கிற பையனும் அப்படியே சொல்கிறான். ஏறக்குறைய முடிந்துவிட்டது, ஏதோ கொஞ்சம் பாக்கி நிற்கிறது என்று நாமும் அர்த்தம் பண்ணிக் கொள்கிறோம். அந்தக் "கொஞ்சம்" எவ்வளவு என்று யாரும் கேட்பதில்லை. கேட்டால் திட்டமான பதில் இருக்கிறது. வீசம் என்பது பதினாறில் ஒரு பங்கு. மூன்று வீசம் 3/16. முக்கால் என்பது 12/16. இரண்டும் சேர்ந்தால் 15/16. ஆக, பாக்கி நிற்பது சரியாக ஒரு வீசம். பழைய நாணயத்தில் சொன்னால் ரூபாய்க்கு ஓரணாக் குறைவு.

இதில் எனக்கு ஆச்சரியமாக இருப்பது வேறொன்று. 3/4, 3/16 என்ற இரண்டு பின்னங்களுக்கும் பகுதி எண் வேறு வேறு. இப்படிப்பட்ட பின்னங்களைக் கூட்டுவது என்றால் நம் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளில் பாதிப் பேருக்கு வயிற்றைக் கலக்குகிறது. அந்தக் கணக்கையோ, அடுப்பங்கரையில் உட்கார்ந்திருக்கும் பாட்டி, கணக்கு என்ற நினைப்பே இல்லாமல் பேச்சோடு பேச்சாகப் போட்டு முடித்துவிடுகிறாள். இது எப்படி நேர்ந்தது? இதற்குப் பின்னால் ஒரு சரித்திரம் இருக்கிறது. அதைத்தான் இங்கே சொல்லப் போகிறேன்.

முதலில் பிள்ளைகளின் சங்கடத்தைப் பார்ப்போம். அரையும் மூன்றில் ஒன்றும் சேர்ந்தால் எவ்வளவு என்று கேளுங்கள். மேலே ஒன்றும் ஒன்றும் இரண்டு, கீழே இரண்டும் மூன்றும் ஐந்து, ஆகவே 2/5 என்று எழுதிவிடுகிற பிள்ளைகள் எந்த வகுப்பிலும் உண்டு. பார்க்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் சுவர்க் கடிகாரத்தைக் காட்டிக் கேளுங்கள். அரை மணி என்றால் 30 நிமிஷம். மூன்றில் ஒரு மணி என்றால் 20 நிமிஷம். சேர்த்தால் 50 நிமிஷம். 2/5 மணி என்பதோ 24 நிமிஷந்தான்! அரை மணியோடு இன்னும் கொஞ்சம் சேர்த்த பிறகு அரை மணியைவிடக் குறைந்து போகுமா? பையனே சிரித்துவிடுவான்.

கடிகாரத்தில் கணக்கு ஏன் இவ்வளவு சுலபமாகிவிட்டது என்பதைக் கவனியுங்கள். "அரை" என்ற பங்கும் "மூன்றில் ஒன்று" என்ற பங்கும் இரண்டு ஜாதி. அவற்றை அப்படியே சேர்க்க முடியாது. இரண்டையும் நிமிஷம் என்ற ஒரே ஜாதியாக்கிய பிறகு 30-ம் 20-ம் சாதாரணக் கூட்டலாகிவிட்டன. மணிக்கு 60 நிமிஷம் என்று யாரோ முன்பே தீர்மானித்து வைத்ததுதான் சௌகரியம். அந்த 60 பாபிலோனியர்களிடமிருந்து வந்த சொத்து.

வடமொழிக் கணித நூல்களில் இந்தச் சமப்படுத்தலுக்கு "கலாசவர்ணம்" என்று அழகான பெயர் இருக்கிறது. கலா என்றால் பங்கு. சந்திரனுக்குப் பதினாறு கலை என்கிறோமே, அந்தக் கலை. சவர்ணம் என்றால் ஒரே நிறம். வேறு வேறு நிறத்துப் பங்குகளை ஒரே நிறமாக்கிக் கொண்டு கூட்டு என்கிறார்கள். 628-ல் பிரம்மகுப்தர் தம் பிரம்மஸ்புட சித்தாந்தத்தில் இதற்கு விதி சொன்னார். சுமார் 850-ல், ராஷ்டிரகூட மன்னன் அமோகவர்ஷன் காலத்தில், மகாவீராசாரியர் என்ற ஜைனப் பெரியவர் கணிதசாரசங்கிரகம் என்ற நூலில் ஓர் அத்தியாயம் முழுவதையும் இதற்கென்றே ஒதுக்கினார். இன்று ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் மீச்சிறு பொது மடங்கு என்று படிக்கிறார்களே, அதை "நிருத்தம்" என்று பெயரிட்டு அவர் விளக்கியிருக்கிறார். அந்த நூலை 1912-ல் சென்னை அரசாங்கம் அச்சிட்டது. பதிப்பித்து மொழிபெயர்த்தவர் சென்னை மாநிலக் கல்லூரிப் பேராசிரியர் எம். ரங்காசாரியா.

ஒரே நிறம் என்ற சொல்லைப் படித்தபோது என் மனம் காஞ்சிபுரத்தின் மேற்குப் பக்கத்திலுள்ள பிள்ளையார்பாளையத்துக்குப் போயிற்று. நிறங்களோடு ஜீவனம் நடத்துகிற ஊர் அல்லவா அது? தெருவில் நடந்தால் தறிச் சத்தம் கேட்கும். உடல் ஒரு நிறம், கரை வேறொரு நிறம். இரண்டும் சேருகிற இடத்தில் கோர்வை. நிறங்கள் வேறாக இருப்பதில்தான் அந்தச் சேலைக்குப் பெருமை. ஆனால் அதே வீட்டில் கூலிக் கணக்குப் பார்க்க உட்கார்ந்தால் நிறம் ஒன்றாகியே தீர வேண்டும். முதலாளி பட்டையும் ஜரிகையையும் நிறுத்துக் கொடுக்கிறார். நெய்த சேலையை நிறுத்து வாங்குகிறார். இடையில் ஓர் அரைக்கால் பிசகினாலும் அது யாராவது ஒருவர் தலையில்தான் விழும்.

இந்தப் பிள்ளையார்பாளையத்தின் ஓரத்தில்தான் கைலாசநாதர் கோயில் நிற்கிறது. எட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ராஜசிம்ம பல்லவன் கட்டியது. சிற்பம் பார்க்கப் போகிறவர்கள் அங்கே வெட்டியிருக்கும் சாசனங்களையும் கொஞ்சம் நினைத்துக் கொள்ள வேண்டும். சோழர் ஆட்சி வந்த பிறகு, முதலாம் பராந்தகன் காலத்தில், அக்கம்பக்கத்துக் கிராமச் சபையார் இந்தக் கோயில் பண்டாரத்திலிருந்து பொன் கடன் வாங்கிக்கொண்டு, வட்டிக்கு ஈடாகக் கோயிலுக்குச் செய்ய வேண்டியதைக் கல்லிலே எழுதிக் கொடுத்தார்கள். பொன்னின் எடையைக் கழஞ்சு, மஞ்சாடி, குன்றி என்று எழுதுவது அக்கால வழக்கம். ஒரு கழஞ்சுக்கு 20 மஞ்சாடி. ஒரு மஞ்சாடிக்கு 2 குன்றி. அதாவது மஞ்சாடி என்பது கழஞ்சில் 1/20; குன்றி 1/40. இத்தனை கழஞ்சு, இத்தனை மஞ்சாடி, ஒரு குன்றி என்று எழுதும்போதே பகுதி எண் வேறான பின்னங்களைக் கூட்டி எழுதியாகிவிட்டது. எழுதினவருக்கு அது பின்னமாகவே தோன்றியிராது.

இந்த 1/20-க்கும் 1/40-க்கும் தமிழிலே பொதுப் பெயர்கள் உண்டு. 1/20 மா, 1/40 அரைமா. நிலமானாலும் பொன்னானாலும் நெல்லானாலும் இவையே பெயர்கள். இன்னும் கீழே போனால் 1/80 காணி, 1/160 அரைக்காணி, 1/320 முந்திரி. (நாம் தின்கிற முந்திரிக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. அந்த மரத்தைப் போர்ச்சுக்கீசியர் பிரேசிலிலிருந்து கொண்டு வந்தார்கள்.) மாவுக்கு மேலே 1/10 இருமா, 3/20 மும்மா, 1/5 நாலுமா. இது ஒரு குடும்பம். ஐந்தை மூதாதையாகக் கொண்ட குடும்பம் என்று சொல்லலாம்.

இன்னொரு குடும்பம், ஒன்றைப் பாதி பாதியாக அரிந்துகொண்டே போவது. அரை, கால், அரைக்கால் 1/8, வீசம் 1/16, அரைவீசம் 1/32, கால்வீசம் 1/64.

இரண்டு குடும்பத்துக்கும் சம்பந்தம் பண்ணி வைக்க வேண்டுமே! அரைக்காலையும் மாவையும் எப்படிக் கூட்டுவது? இங்கேதான் நம் முன்னோர்களின் சாமர்த்தியம் தெரிகிறது. 320 என்ற எண்ணை அவர்கள் அஸ்திவாரமாகப் போட்டார்கள். இரண்டை ஆறு தடவை பெருக்கி, அதை ஐந்தால் பெருக்கினால் 320. ஆகவே இரண்டு குடும்பத்துப் பின்னங்களும் மிச்சமில்லாமல் முந்திரியாக மாறும். கால் என்றால் 80 முந்திரி. அரைக்கால் 40. வீசம் 20. மா 16. அரைமா 8. காணி 4. அரைக்காலும் மாவும் சேர்ந்தால் 56 முந்திரி. மும்மா 48, அரைமா 8. ஆகவே "மும்மா அரைமா" என்று முடிந்துவிட்டது கணக்கு.

இந்தச் சம்பந்தத்துக்கு ஒரு சாட்சி, பெயரிலேயே இருக்கிறது. வீசத்துக்கு இன்னொரு பெயர் மாகாணி. மாவும் காணியும் சேர்ந்தது மாகாணி. மா 16 முந்திரி, காணி 4 முந்திரி, மொத்தம் 20 முந்திரி, அதாவது 1/16. இன்றைய பள்ளிக்கூட முறையில் எழுதினால் 1/20 + 1/80 = 4/80 + 1/80 = 5/80 = 1/16. கூட்ட வேண்டிய கணக்கும் அதன் விடையும் ஒரே சொல்லுக்குள் அடங்கியிருக்கின்றன. இந்தச் சொல்லைக் கற்ற குழந்தை அந்தக் கூட்டலையும் சேர்த்தே கற்றுவிடுகிறது. பாட்டியின் சாமர்த்தியத்துக்கு ரகசியம் இதுதான். பொதுப் பகுதி எண் கண்டுபிடிக்கிற வேலையை அவள் செய்வதில்லை. அவளுக்குப் பல நூறு வருஷங்களுக்கு முன்னாலேயே யாரோ அதைச் செய்து, பெயர் வைத்து, பாஷையில் சேர்த்துவிட்டார்கள்.

பாஷையில் சேர்ந்தது தானாகக் குழந்தைகளின் நாக்கில் ஏறிவிடவில்லை. அதற்குத் திண்ணைப் பள்ளிக்கூடம் இருந்தது. மணலில் விரலால் எழுதிக் கற்றார்கள். பொன்னிலக்கம், நெல்லிலக்கம், எண்சுவடி, குழிமாற்று என்று பாடங்கள் வரிசையாக வரும். இவற்றில் பொன்னிலக்கம் கூட்டல் பாடம். முந்திரியும் முந்திரியும் அரைக்காணி, அரைக்காணியும் அரைக்காணியும் காணி, காணியும் காணியும் அரைமா, அரைமாவும் காணியும் முக்காணி என்ற ரீதியில் கீழேயிருந்து ஒவ்வொரு படியாக ஏறுவார்கள். பெரிய பிள்ளை ஒருவன் சட்டாம்பிள்ளையாக இருந்து சொல்லிக் கொடுப்பான். மற்றவர்கள் திருப்பிச் சொல்வார்கள். இன்றைய பையன் ஒன்று, இரண்டு, மூன்று என்று முழு எண்ணில் ஆரம்பித்துப் பல வருஷம் கழித்துப் பின்னத்துக்கு வருகிறான். அன்றைய பையனுக்கோ 1/320-ல் தொடங்கிய பாடத்தில் "ஒன்று" என்பது நெடுந்தூரம் ஏறிச் சேர வேண்டிய மேல்படி. அவனுக்குப் பின்னத்திடம் பயம் ஏற்பட வழியே இல்லை.

எழும்பூரிலிருந்த அநாதைப் பிள்ளைகள் விடுதிப் பள்ளியில் 1789 முதல் வேலை பார்த்த ஆண்ட்ரூ பெல் என்ற பாதிரியார் இந்த மணல் எழுத்தையும், பிள்ளைக்குப் பிள்ளையே உபாத்தியாயராகும் முறையையும் பார்த்து மெச்சி, 1797-ல் லண்டனில் ஒரு சிறு புத்தகம் போட்டார். சென்னை முறை என்ற பெயரில் அது இங்கிலாந்தில் பரவிற்று. மணலும் சட்டாம்பிள்ளையும் கப்பலேறிப் போனார்கள். முந்திரியும் காணியும் இங்கேயே தங்கிவிட்டன.

"எல்லாம் சரி, இத்தனை நுணுக்கம் யாருக்கு வேண்டியிருந்தது?" என்று நேயர்கள் கேட்கலாம். காஞ்சிபுரத்திலிருந்து சுமார் 30 கிலோமீட்டர் தூரத்தில் உத்தரமேரூர் இருக்கிறது. அங்கே வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் பராந்தகன் காலத்துக் குடவோலைச் சாசனங்கள் இரண்டு இருக்கின்றன; 919-லும் 921-லும் வெட்டியவை. ஊர் வாரியத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட யாருக்குத் தகுதி என்று அவை சொல்கின்றன. வரி செலுத்தும் நிலம் கால் வேலிக்கு மேல் வேண்டும். சொந்த மனையில் வீடு இருக்க வேண்டும். பிந்திய சாசனப்படி வயது 35-க்கு மேல் 70-க்குள் இருக்க வேண்டும். ஒரு வேதமும் ஒரு பாஷ்யமும் கற்றுச் சொல்ல வல்லவனானால் அரைக்கால் வேலி இருந்தாலும் போதும்.

இப்போது ஒரு மனிதரைக் கற்பனை செய்து கொள்ளுங்கள். அவருக்கு நிலம் ஒரே இடத்தில் இல்லை. ஏரிக்கரையில் மும்மா, வாய்க்காலுக்கு அப்பால் மாகாணி, மாமனார் வழியில் வந்தது அரைமா. அவர் பெயரை ஓலையில் எழுதிக் குடத்தில் போடலாமா, கூடாதா? 3/20, 1/16, 1/40 மூன்றையும் கூட்டியாக வேண்டும். முந்திரிக் கணக்கில் 48-ம் 20-ம் 8-ம் 76. கால் வேலிக்கு 80 வேண்டும். ஒரு காணி குறைகிறது! அவர் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். அரைமாவுக்குப் பதில் ஒருமா இருந்திருந்தால் 84. பெயர் குடத்துக்குள் விழுந்திருக்கும். பின்னத்தைச் சரியாகக் கூட்டத் தெரிந்தவன் அந்த ஊரில் ஒருவனாவது இல்லாமற் போனால் உரிமையுள்ளவன் வெளியே நிற்பான். இல்லாதவன் உள்ளே வருவான்.

சோழர்கள் இந்த நுணுக்கத்தை எவ்வளவு தூரம் கொண்டு போனார்கள் என்பதற்குத் தஞ்சைப் பெரிய கோயில் சாட்சி. ராஜராஜன் கோயிலுக்கு விட்ட ஊர்களின் நிலக் கணக்கு அங்கே கல்லில் இருக்கிறது. ஊரின் மொத்த நிலம் இவ்வளவு. அதில் ஊர் நத்தம், குளம், கோயில், சேரிகள், சுடுகாடு ஆகியவற்றைக் கழித்தால் வரி கட்டும் நிலம் இவ்வளவு என்று வருகிறது. அதிலே வரும் மிகச் சிறிய பங்கு, வேலியில் 5,242 கோடியே 88 லட்சத்தில் ஒன்று! பிற்காலத்து வேலி ஆறரை ஏக்கருக்குச் சற்று மேல். அதை வைத்துப் பார்த்தால் இந்தப் பங்கு சுமார் அரைச் சதுர மில்லிமீட்டர். ஒரு கடுகைக்கூட அதற்குள் அடக்க முடியாது.

எந்தக் கோலைக் கொண்டும் இதை அளந்திருக்க முடியாது. பின் எப்படி வந்தது? அந்த எண்ணையே பிரித்துப் பாருங்கள். 320-ஐ 320 ஆல் பெருக்கி, மறுபடி 320 ஆல் பெருக்கி, பிறகு 1,600 ஆல் பெருக்கினால் அது வரும். 1,600 என்பது இருபது எண்பது. அதாவது மாவும் காணியும். முந்திரிக்குக் கீழே போக வேண்டி வந்தால் நம்மவர்கள் "கீழ்" என்று ஒரு சொல்லைச் சேர்த்து, முந்திரியையே புதிதாக ஒன்று என்று வைத்துக் கொண்டு, அதற்குள் மறுபடி அரை, கால், மா, காணி என்று பங்கிட்டார்கள். கீழ்முந்திரி என்றால் 1/1,02,400. அதற்கும் கீழே இன்னொரு "கீழ்". என் அபிப்பிராயம், தஞ்சைக் கணக்கர்கள் மண்ணை இவ்வளவு நுட்பமாக அளந்ததாகக் காட்டிக் கொள்ளவில்லை என்பதே. பெருக்கியும் கழித்தும் வந்த கணக்கில் எதையும் தள்ளிவிட அவர்களுக்கு மனமில்லை. சில்லறையைத் தள்ளினால் அது யாருடைய சில்லறை என்ற கேள்வி வந்துவிடும் அல்லவா?

இவ்வளவு பெருமையும் சொன்ன பிறகு ஒரு குறையையும் சொல்லத்தான் வேண்டும். முந்திரிக் கணக்கில் மூன்றில் ஒரு பங்கு கிடையாது. 320-ஐ மூன்றால் வகுத்தால் 106-ம், மேலே 2/3-ம் வருகிறது. கீழே போய் மறுபடி வகுத்தாலும் ஒரு 1/3 மிச்சம் வந்து நிற்கிறது. எத்தனை "கீழ்" போட்டாலும் அது விடாது. இதற்கு நம்மவர்கள் இரண்டு பரிகாரம் வைத்திருந்தார்கள். நெல்லளவில் ஒரு கலத்துக்கு மூன்று தூணி என்று வைத்தார்கள். ஆகவே கலத்தில் மூன்றில் ஒன்றுக்குத் தூணி என்று தனிப் பெயரே உண்டு. இன்னொன்று, பழைய கணக்கு நூல் மரபில் கீழ்முந்திரிக்கும் கீழே வருகிற இம்மி. "இம்மியும் பிசகாமல்" என்கிறோமே, அந்த இம்மிதான். கீழ்முந்திரியில் இருபத்தொன்றில் ஒரு பங்கு அது. இருபத்தொன்று என்பது மூவேழு. ஆகவே 320-க்குள் நுழைய இடமில்லாத மூன்றும் ஏழும் இங்கே வந்து உட்கார்ந்து விட்டன. ஒன்றில் 21,50,400 இம்மி. மூன்றில் ஒரு பங்கு மிச்சமில்லாமல் 7,16,800 இம்மி. ஏழில் ஒரு பங்கு 3,07,200 இம்மி. ஏட்டுக் கணக்குக்கு இது சரி. சந்தைக்கு எடுத்துப் போக முடியாது.

மற்றத் தேசத்தார் என்ன செய்தார்கள்? ஐரோப்பியர்கள் வெகுகாலம் தத்தளித்தார்கள். 1585-ல் சைமன் ஸ்டெவின் என்ற பிளெமிஷ்காரர் "பத்தில் ஒன்று" என்று பொருள்படும் பெயரில் ஒரு சிறு புத்தகம் எழுதினார். இனிமேல் எல்லாப் பங்கையும் பத்து, நூறு, ஆயிரம் என்றே பிரியுங்கள், கூட்டல் முழு எண்ணைப் போலவே ஆகிவிடும் என்றார். வான சாஸ்திரிகள், நிலம் அளப்பவர்கள், வியாபாரிகள் ஆகியோரோடு சித்திரத் திரைத் துணி அளப்பவர்களையும் விளித்து அந்தப் புத்தகத்தை அவர்களுக்குச் சமர்ப்பணம் செய்திருக்கிறார். நெசவு இருக்கிற இடத்தில் எல்லாம் இந்தத் தொல்லை இருந்திருக்கிறது பாருங்கள்! ஸ்டெவின் செய்த காரியமும் நம்மவர்கள் செய்த காரியமும் அடிப்படையில் ஒன்றே. பொதுப் பகுதி எண்ணை முன்கூட்டியே நிச்சயித்து விடுவது. இங்கே 320, அங்கே பத்தின் மடங்குகள். மூன்றில் ஒன்று அங்கேயும் அடங்கவில்லை. 0.333 என்று வால் நீண்டுகொண்டே போகிறது.

அந்தப் பத்து நம் ஊருக்கு வந்து சேர்ந்தது 1957 ஏப்ரல் 1-ந் தேதி. அதுவரை ரூபாய்க்கு 16 அணா, அணாவுக்கு 12 பை, மொத்தம் 192. அணா என்பது ரூபாயில் வீசம். ஆகவே நம் பழைய கணக்கோடு அது இழைந்து போயிற்று. அன்றைக்கு ரூபாய்க்கு 100 நயா பைசா என்று ஆயிற்று. அணாவுக்கு ஆறேகால் நயா பைசா. கால் பைசாவுக்கு நாணயம் ஏது? ஓரணாவுக்கு 6, இரண்டணாவுக்கு 12, மூன்றணாவுக்கு 19, நாலணாவுக்கு 25 என்று அட்டவணை போட்டார்கள். இதில் உள்ள வினோதத்தைப் பாருங்கள். ஓரணாவாக மூன்று தடவை வாங்கினால் 18 நயா பைசா. மூன்றணாவாக ஒரே தடவை வாங்கினால் 19. கூட்டிவிட்டு மாற்றுவதும் மாற்றிவிட்டுக் கூட்டுவதும் வேறு வேறு விடை தருகின்றன! லட்ச ரூபாய் வியாபாரிக்கு இது தூசு. அன்றாடம் அணாக் கணக்கில் கூலி வாங்குகிறவனுக்கு ஒரு நயா பைசாவும் ஒரு நயா பைசாதான். தஞ்சைக் கணக்கர்கள் ஏன் சில்லறையைத் தள்ளவில்லை என்பது இந்த இடத்தில் நமக்கு விளங்குகிறது.

அந்தக் காலத்துக் கணக்கைப் பற்றி பிள்ளையார்பாளையத்தில் எண்பது வயதைத் தாண்டிய ஒரு நெசவாளப் பெரியவரிடம் பேசிக் கொண்டிருந்தேன். "ஐயா, உங்கள் தகப்பனார் பின்னங்களை எப்படிக் கூட்டுவார்?" என்று கேட்டேன்.

"பின்னமா? அவரு அந்த வார்த்தையைச் சொல்லி நான் கேட்டதே இல்லை சார்" என்றார். "கால் வீசை வெல்லம்னா பத்துப் பலம். அரைக்கால் வீசை புளின்னா அஞ்சு பலம். பதினஞ்சு பலம் சுமைன்னு வாய்விட்டுச் சொல்லிட்டு அடுத்த வேலையைப் பார்ப்பாரு."

வீசைக்கு 40 பலம். ஆகவே ஒரு பலம் என்பது வீசையில் அரைமா. அவருடைய தகப்பனார் கால், அரைக்கால் என்ற இரண்டு ஜாதியையும் பலம் என்ற ஒரே ஜாதியாக்கி முடித்திருக்கிறார். பிரம்மகுப்தரின் விதி அதுதான்.

தறியில் பாவு ஓடிக் கொண்டிருந்தது. அங்கே வழக்கமாக ஒரு பாவில் மூன்று சேலை நெய்வார்கள். "ஒரு சேலை அறுத்துக் கொடுத்துவிட்டால் பாவில் மிச்சம் எவ்வளவு?" என்று கேட்டேன்.

"ரெண்டு சேலை மிச்சம். வேறென்ன?" என்று சிரித்தார்.

மூன்றில் இரண்டு என்று அவர் சொல்லவில்லை. 320-லும் அடங்காத, நூறிலும் அடங்காத அந்தப் பங்குக்கு அவர் வீட்டில் ஒரு பெயர் இருக்கிறது. சேலை என்று பெயர். தூணி என்று பெயர் வைத்தவர்களும் இதைத்தான் செய்தார்கள்.

இன்று அதே தெருவில் பட்டையும் ஜரிகையையும் மின்னணுத் தராசில் கிராம் கணக்கில் நிறுக்கிறார்கள். வீசையும் பலமும் போய்விட்டன. முந்திரியும் காணியும் வழக்கிலிருந்து மறைந்தன. ஆனால் 2019-ல் கணினி எழுத்துகளுக்கான யுனிகோடு பட்டியலில் தமிழ்ப் பின்னக் குறிகளுக்கு இடம் கொடுத்திருக்கிறார்கள். அந்தக் "கீழ்" என்பதற்கும் ஒரு குறி அதில் இருக்கிறது. பழைய முறையைத் திரும்பக் கொண்டு வர வேண்டும் என்று நான் சொல்ல மாட்டேன். முன்கூட்டி நிச்சயித்த எண்ணுக்குள் அடங்காதவனை அது வெளியே நிறுத்திவிடுகிறது. ஏழில் ஒன்றும் பதின்மூன்றில் ஒன்றும் வந்து நின்றால் அதற்கு வழி தெரியாது. பள்ளிக்கூடத்து மீச்சிறு பொது மடங்கு முறைக்கு அந்தத் தடை இல்லை. முன்பின் தெரியாத எந்த இரண்டு பங்கு வந்தாலும் அந்த இடத்திலேயே, அவை இரண்டுக்கும் பொருந்துகிற ஒரு சிறு பங்கைக் கண்டுபிடித்துக் கொடுக்கிறது. அதனுடைய பெருமை பெரிதுதான்.

ஆனால் அந்த விதியை விதியாக மட்டும் சொல்லிக் கொடுப்பதில்தான் குழந்தைகள் தடுமாறுகிறார்கள். கீழே உள்ளதைப் பெருக்கு, மேலே உள்ளதைப் பெருக்கு என்றால் எதற்கு என்று தெரிவதில்லை. முதல் நாள் கடிகாரத்தைக் காட்டலாம். அடுத்த நாள் மாவையும் காணியையும் சொல்லி, மாகாணி என்ற சொல்லைப் பிரித்துக் காட்டலாம். உத்தரமேரூர்க்காரருக்கு ஒரு காணி குறைந்ததைச் சொல்லி, அவருடைய நிலத்தை அவர்களையே கூட்டிப் பார்க்கச் சொல்லலாம். கூட்டுவதற்கு முன்னால் எந்தப் பங்கினால் அளப்பது என்று முதலில் ஒத்துக்கொள்ள வேண்டும் என்பது அவர்களுக்கே புரிந்துவிடும். அதன் பிறகு விதியைச் சொன்னால் போதும். 1/2-ம் 1/3-ம் சேர்ந்து 2/5 என்று எழுதுகிற பிள்ளை அந்த வகுப்பில் இருக்க மாட்டான்.